திரைப்பட விழாவில் எந்தப் படங்களைப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழா அட்டவணை வெளியான அன்று நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகள் மொத்தமாக வந்து கண்முன் நிற்கும். ஒரு வார விழாவில் தினமும் போனாலும் ஒருவர் நிதானமாகப் பார்க்கக்கூடியவை 20 முதல் 25 படங்கள்தான். எதை விட்டுவிடலாம் என்பதைத் துணிந்து முடிவு செய்தவர்கள் நல்ல படங்களைப் பார்த்த நிறைவோடு திரும்புவார்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தவர்கள் பாதி நேரத்தை வரிசையில் கழித்திருப்பார்கள்.

முதலில் எதைக் கையில் எடுப்பது? படப் பட்டியலையா, நேர அட்டவணையையா?

படப் பட்டியலை. அட்டவணையை முதலில் திறந்தால் "10 மணிக்கு என்ன ஓடுகிறது" என்று தேடத் தொடங்கிவிடுவீர்கள். நேரத்துக்குத் தோதாக இருக்கும் படங்கள்தான் கையில் சேரும். பார்க்க விரும்பிய படங்கள் நழுவிவிடும்.

பட்டியலை ஒரே மூச்சில் ஒருமுறை வாசித்து, ஈர்த்தவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தக் குறிப்பை எடுத்து ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ என்று தரம் போடுங்கள். தவறவிட்டால் வருந்தும் படம் அ. கிடைத்தால் மகிழ்ச்சி என்பது ஆ. நேரம் இருந்தால் பார்க்கலாம் என்பது இ. 7 நாள் விழாவுக்கு அ தரத்தில் 12 படங்களுக்கு மேல் வைக்காதீர்கள். 30 படங்களுக்கு அ போட்டால் தரம் பிரித்ததன் பயனே இல்லாமல் போகும், அட்டவணை வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எக்ஸெல் தாளிலோ நோட்டிலோ படம், இயக்குநர், நாடு, ஓடும் நேரம், பிரிவு, தரம், எத்தனை காட்சிகள், ஒவ்வொரு காட்சியின் நாள், நேரம், அரங்கு ஆகியவற்றை எழுதிவைத்தால் போதும். இதில் "எத்தனை காட்சிகள்" என்பதைப் பலர் எழுதுவதே இல்லை. பின்னால் எல்லாமே அதை வைத்துத்தான் முடிவாகும்.

விழாக் கையேட்டில் இருக்கும் கதைச்சுருக்கத்தை நம்பலாமா?

கதையைத் தெரிந்துகொள்ளலாம், படத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. கையேட்டை எழுதுவது விழாக் குழுவினர்; தாங்களே தேர்ந்த படத்தை அவர்கள் குறைத்து எழுத மாட்டார்கள். "கவித்துவமான", "நெஞ்சை உலுக்கும்" போன்ற சொற்களைத் தாண்டிச் சென்று, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய தகவல்களைத் தேடுங்கள்: எத்தனை நிமிடம், கறுப்பு வெள்ளையா, இயக்குநருக்கு இது எத்தனையாவது படம், ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் யார், முதல் திரையிடல் எங்கே நடந்தது.

"தியானம் போன்ற", "பொறுமையான" என்று எழுதியிருந்தால் நீண்ட, அசையாத ஷாட்கள் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அது குறையல்ல. ஆனால் அப்படிப்பட்ட படத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான காட்சியில் வைத்தால் தூங்கிவிடுவீர்கள். காலையில் பாருங்கள்.

முன்னோட்டம் கிடைத்தால் அரை நிமிடம் போதும். கதை தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் சப்டைட்டிலைப் படிக்காமல் பாருங்கள். கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, ஒரு ஷாட் எத்தனை நொடி நீடிக்கிறது, இசை ஓயாமல் ஒலிக்கிறதா அல்லது சுற்றுப்புற ஒலியை விட்டுவைத்திருக்கிறார்களா என்பதிலேயே உங்கள் ரசனைக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

விருது வாங்கிய படம் என்றால் யோசிக்காமல் போகலாமா?

எந்த விருது, யார் கொடுத்தது என்று பார்த்துவிட்டுப் போங்கள். கான் விழாவின் தங்கப் பனை, பெர்லினின் தங்கக் கரடி, வெனிஸின் தங்கச் சிங்கம், லொகார்னோவின் தங்கச் சிறுத்தை ஆகியவற்றை ஒரு சிறிய நடுவர் குழு தீர்மானிக்கிறது. அந்த ஆண்டின் குழுத் தலைவர் யார், உறுப்பினர்கள் யார் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். டொராண்டோவில் பெரிதாகப் பேசப்படும் விருதோ பார்வையாளர்கள் வாக்களித்துத் தருவது. அதை வெல்லும் படம் பெரும்பாலும் கதையோட்டம் தெளிவாக உள்ள, பலரும் ஒன்றக்கூடிய படமாக இருக்கும். ஃபிப்ரெஸ்கி என்பது சர்வதேச விமர்சகர் கூட்டமைப்பின் விருது. பல விழாக்களில் தனி நடுவர்களை வைத்துத் தருகிறார்கள். வடிவத்தில் புதுமை தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆசியப் படங்களுக்கு, ஆசிய சினிமாவை வளர்க்கும் அமைப்பான நெட்பேக் தரும் விருது நல்ல வழிகாட்டி.

புதிய இயக்குநர்களைக் கண்டெடுக்க விரும்பினால் பெரிய விருதுகளைவிடப் பிரிவுகளின் பெயரே அதிகம் உதவும். கானில் 1962 முதல் நடந்துவரும் விமர்சகர் வாரம் என்ற பிரிவு, இயக்குநர்களின் முதல், இரண்டாம் படங்களுக்கானது. அங்கே பல பிரிவுகளிலிருந்தும் சிறந்த முதல் படத்துக்குத் தருவது கேமரா தோர் விருது. வெனிஸின் ஒரிஸோன்டி பிரிவு, ராட்டர்டாமின் டைகர் போட்டி, பெர்லினின் ஃபோரம் பிரிவு ஆகியவற்றிலும் துணிச்சலான முயற்சிகளைக் காணலாம். இந்த ஐந்து பெயர்கள் மனதில் இருந்தால், அறிமுகமில்லாத தலைப்புக்குக் கீழே அவை தென்படும்போது எந்த வகைப் படம் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

விழா நடக்கும் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். ராட்டர்டாம், சன்டான்ஸ், பெர்லின் ஆண்டுத் தொடக்கத்திலும், கான் மே மாதத்திலும், லொகார்னோ ஆகஸ்டிலும், வெனிஸ் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி செப்டம்பரிலும் நடக்கின்றன. ஆகவே ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் நடக்கும் விழாக்களுக்கு இவற்றிலிருந்தெல்லாம் படங்கள் வந்து சேரும். அந்தப் படங்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருப்பார்கள், தேடிப் படிக்கலாம். உலகிலேயே முதன்முறையாகத் திரையிடப்படும் படத்துக்கு அந்த வசதி கிடையாது. இயக்குநரின் முந்தைய வேலையை மட்டும் நம்பி நுழைய வேண்டும்.

பின்னால் தியேட்டருக்கோ ஓடிடிக்கோ வரப்போகிற படத்தை விழாவில் பார்ப்பது வீணா?

வீணில்லை, ஆனால் அதற்கு ஒரு தரம் குறைத்துக்கொள்ளுங்கள். கையேட்டிலோ படத்தின் பக்கத்திலோ உங்கள் நாட்டு விநியோகஸ்தரின் பெயர் இருந்தால் படம் எப்படியும் வெளியாக வாய்ப்புண்டு. ஆஸ்கருக்கு ஒரு நாட்டின் சார்பில் அனுப்பப்பட்ட படங்களும் பேர்பெற்ற இயக்குநர்களின் படங்களும் பெரும்பாலும் பிறகு எங்காவது கிடைக்கும். அதே நேரத்தில் பக்கத்து அரங்கில் ஓடும் சிறிய நாட்டுப் படம், விநியோகஸ்தர் இல்லாத ஆவணப்படம், சோதனை முயற்சி போன்றவை விழா முடிந்ததும் கண்ணில் படாமலே போய்விடலாம். விழாவுக்குப் போவதன் பெரிய பயனே இவற்றைப் பார்ப்பதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒலியமைப்புக்கும் காட்சிப் பிரம்மாண்டத்துக்கும் பேர்பெற்ற படம், விழாவின் மிகப்பெரிய திரையில் ஓடுகிறது என்றால் தரத்தைக் குறைக்க வேண்டாம். அதே படத்தைக் கைபேசியில் பார்ப்பது வேறு அனுபவம்.

தரம் பிரித்தாகிவிட்டது. அட்டவணையில் எப்படிப் பொருத்துவது?

ஒரே ஒரு காட்சி உள்ள அ தரப் படங்களை முதலில் வைத்துவிடுங்கள். அவற்றை நகர்த்த வழியில்லை, மற்றவை அவற்றுக்கு இடம்விட்டே ஆக வேண்டும். இரண்டு ஒற்றைக்காட்சி அ படங்கள் ஒரே நேரத்தில் மோதினால், பின்னால் வெளிவர வாய்ப்புக் குறைந்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இரண்டு, மூன்று காட்சிகள் உள்ள அ படங்கள். இவற்றில் மற்றவற்றோடு மோதாத காட்சியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுமே மோதவில்லை என்றால் முதல் காட்சிக்குப் போங்கள். உள்ளே இடம் கிடைக்காவிட்டாலோ காட்சி தள்ளிப்போனாலோ இரண்டாவது காட்சி கையிருப்பாக இருக்கும். கடைசிக் காட்சியை நம்பி இருந்தால், ஒன்று தவறினால் எல்லாம் தவறியது. இயக்குநரோ நடிகர்களோ வந்து பேசுவதும் பெரும்பாலும் முதல் காட்சியில்தான். கூட்டமும் அதில்தான் அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவதாக ஆ படங்களை மீதி இடங்களில் நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் அரங்கைப் பாருங்கள், தரத்தைவிட அதுதான் முக்கியம். அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஒரே வளாகத்தில் இருந்தால், அரை மணி நேர அலைச்சல் மிச்சம்.

கடைசியாக, ஒவ்வொரு அ படத்துக்கும் பக்கத்தில் "இடமில்லை என்றால் எங்கே போவது" என்று ஒரு மாற்றுப் படத்தை எழுதுங்கள். அது அதே வளாகத்தில், 20 முதல் 40 நிமிடம் கழித்துத் தொடங்குவதாக இருக்க வேண்டும். மாற்று எழுதாதவர்கள் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டதும் கைபேசியைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் அடுத்த படத்தின் வரிசையும் நீண்டுவிடும்.

நாளுக்கு ஒரு இடத்தைக் காலியாகவே விடுங்கள். மூன்றாம் நாளுக்குள் எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்ற பேச்சு வரிசைகளில் பரவிவிடும். எந்தக் கையேடும் சொல்லாத படங்கள் அந்தப் பேச்சில்தான் வெளிப்படும். அவற்றுக்கு இடம் வேண்டும்.

இரண்டு படங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும்?

ஓடும் நேரத்தை மட்டும் வைத்துக் கூட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. ஒரு கணக்கைப் பார்ப்போம். காலை 10:00 மணிக் காட்சி, படம் 128 நிமிடம். அறிமுக உரை, விழா விளம்பரப் படம் எல்லாம் முடிந்து 10:10க்குத் தொடங்கினால் 12:18க்கு முடியும். கேள்வி பதில் 20 நிமிடம் என்றால் 12:38. அரங்கைவிட்டு வெளியேற 5 நிமிடம், அடுத்த அரங்குக்கு நடக்க 15 நிமிடம், அங்கே வரிசைக்கு 30 நிமிடம். ஆக 1:28. அடுத்த படம் 1:30க்கு இருந்தால் சரியாக வரும், அதுவும் சாப்பிடாமல்.

அதே படத்துக்குப் பிறகு 1:00 மணிக் காட்சியைப் பிடிக்க வேண்டுமென்றால் கேள்வி பதிலை விட்டுவிட வேண்டும். அப்போது 12:38க்கு அடுத்த வாசலில் நிற்பீர்கள், வரிசைக்கு 22 நிமிடம் கிடைக்கும். பெரிய அரங்குக்கு அது போதும். 150 இருக்கை கொண்ட சிறிய அரங்குக்குப் போதாது.

கையேட்டில் போட்டிருக்கும் ஓடும் நேரத்தில் இறுதிப் பெயர்ப்பட்டியலும் அடக்கம். நெருக்கடியில் அந்தச் சில நிமிடங்கள் கைகொடுக்கும். ஒரே வளாகத்துக்குள் என்றால் 30 நிமிட இடைவெளி, அரங்கு மாற வேண்டுமென்றால் 60 நிமிடம், வண்டியேறிப் போக வேண்டுமென்றால் 90 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள். தாமதம் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். காலைக் காட்சி 10 நிமிடம் பிந்தினால் அதே அரங்கின் இரவுக் காட்சி 40 நிமிடம் பிந்துவது சாதாரணம். ஆகவே மாலைக்குமேல் இடைவெளியைக் கூட்டுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்க்கலாம்?

மூன்று படம் நிம்மதி. நான்கு முடியும். ஐந்தாவது படம் ஓடும்போது முதல் படத்தின் முகங்கள் கலங்கத் தொடங்கும். 4 படம் பார்க்கும் நாளையும் 2 படம் பார்க்கும் நாளையும் மாற்றி மாற்றி வைத்தால் கடைசி நாள்வரை தாக்குப்பிடிக்கலாம். முதல் நாளே ஐந்து பார்த்தவர்கள் நான்காம் நாள் நல்ல படத்தில் தூங்குவதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். போர், வன்முறை, இழப்பு பற்றிய இரண்டு கனமான படங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். இரண்டாவதற்கு நியாயம் செய்ய மனதில் இடமிருக்காது. சப்டைட்டில் அடர்த்தியாக ஓடும் உரையாடல் படத்துக்குப் பிறகு பேச்சு குறைந்த படமோ அனிமேஷனோ கண்ணுக்கு ஓய்வு தரும். இரவு 9 மணிக்குமேல் வேகமான திரைக்கதையுள்ள படத்தை வையுங்கள்.

ஒவ்வொரு படமும் முடிந்த உடனே மூன்று வரி எழுதிவிடுங்கள்: நினைவில் நின்ற ஒரு காட்சி, ஒரு ஒலி, உங்கள் கருத்து. 20 படங்களுக்குப் பிறகு எது எந்தப் படம் என்று பிரித்தறிய வேறு வழியில்லை.

4 மணி நேரம், 5 மணி நேரம் ஓடும் படத்துக்குப் போவது சரியா?

அந்த இயக்குநரின் வேறொரு படத்தை ஏற்கெனவே பார்த்து ரசித்திருந்தால் போங்கள். அப்படத்தை இரண்டு இடங்களாகவே எண்ணுங்கள். அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு படத்துக்கு மேல் வேண்டாம். இடைவேளை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள், பல நேரம் இருப்பதில்லை. ஓர இருக்கையைப் பிடியுங்கள்.

ரெட்ரோஸ்பெக்டிவ் (ஒரே இயக்குநரின் முந்தைய படங்களின் தொகுப்பு), பழைய படங்களுக்கு நேரம் ஒதுக்கலாமா?

கட்டாயம் ஒதுக்கலாம், ஆனால் எந்தப் பிரதி என்று கேட்டுவிட்டு. புதிதாக மீட்டெடுத்த 4கே (உயர்துல்லிய டிஜிட்டல்) பிரதி, 35 மிமீ பிலிம் பிரதி, பழைய டிஜிட்டல் பிரதி மூன்றுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மார்ட்டின் ஸ்கோர்செஸி 1990இல் தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷன், இத்தாலியின் பொலோஞ்ஞா திரைப்படக் காப்பகம் போன்ற அமைப்புகளின் பெயர் மீட்டெடுப்பில் இருந்தால் வேலை கவனமாக நடந்திருக்கும் என்று நம்பலாம். 35 மிமீ திரையிடல் என்றால் வாய்ப்பை விடாதீர்கள். ஒரு ரீல் ஏறக்குறைய 20 நிமிடம். ரீல் மாறும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் சிறு வட்டம் மின்னி மறையும், ஆபரேட்டருக்கான குறி அது.

பழைய படங்களுக்குக் கூட்டம் ஓரளவே இருக்கும் என்பதால், நெரிசலான நாளில் மூச்சுவிட இவை நல்ல இடம். ஒரே இயக்குநரின் தொகுப்பில் எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. தொடக்ககாலப் படம் ஒன்று, முதிர்ந்த காலப் படம் ஒன்று என்று இரண்டு பார்த்தாலே அவர் நடந்துவந்த தூரம் தெரியும்.

குறும்படங்கள்?

தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஐந்தாறு படங்களைச் சேர்த்து 80, 90 நிமிடத் தொகுப்பாகப் போடுவார்கள். அதில் இரண்டு படங்கள் ஈர்த்தால் போகலாம்.

முன்பதிவு செய்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாமா?

விழாவுக்கு விழா விதி வேறு. பாஸ் என்பது பல இடங்களில் நுழையும் தகுதி மட்டுமே, இருக்கைக்கு உறுதி கிடையாது. முன்பதிவு இருந்தாலும் காட்சி தொடங்க 10 அல்லது 15 நிமிடம் இருக்கும்போது வராதவர்களின் இடத்தை வெளியே காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். விதிப் பக்கத்தில் நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: முன்பதிவு எந்த நேரத்தில் திறக்கும், ஒருவர் நாளுக்கு எத்தனை காட்சி எடுக்கலாம், எத்தனை மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம், வராமல் போனால் தண்டம் உண்டா.

முன்பதிவு திறக்கும் நிமிடத்தில் அ படங்களில் மிகச் சிறிய அரங்கில் ஓடுவதை முதலில் எடுங்கள். எல்லோரும் பேசும் பெரிய படத்தை முதலில் எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. 1000 இருக்கை அரங்கில் அது பத்து நிமிடம் கழித்தும் கிடைக்கலாம், 120 இருக்கை அரங்கு அதற்குள் தீர்ந்திருக்கும். போக முடியாது என்று தெரிந்ததும் ரத்து செய்துவிடுங்கள். வெளியே ஒருவர் அந்த இருக்கைக்காக நின்றுகொண்டிருக்கிறார். அதேபோல, நிரம்பிவிட்டது என்று காட்டும் காட்சியைக் காலையில் மறுபடி பாருங்கள். ரத்தான இடங்கள் பெரும்பாலும் அன்றைய காலையில்தான் திரும்பி வரும்.

காட்சி ஏன் திடீரென்று ரத்தாகிறது?

படங்கள் டிசிபி என்னும் டிஜிட்டல் தொகுப்பாக வருகின்றன. கோப்பு பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும், அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி தனியாக வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வருக்கும் குறிப்பிட்ட கால வரம்புக்கும் மட்டுமே செல்லும். அரங்கை மாற்றினாலோ நேரம் தள்ளிப்போனாலோ புதுச் சாவி வாங்க வேண்டும், தயாரிப்புத் தரப்பு வேறொரு நேர மண்டலத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் அது தாமதமாகும். "தொழில்நுட்பக் காரணம்" என்று அறிவித்தால் பல நேரம் இதுதான். மேடையில் சொல்லும் "இன்னும் பத்து நிமிடத்தில்" 20 நிமிடத்தைத் தாண்டினால், எழுதிவைத்த மாற்றுப் படத்துக்குக் கிளம்பிவிடுங்கள். அன்றைய மாற்றங்களை ஒவ்வொரு நாளும் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை சரிபாருங்கள். அச்சிட்ட அட்டவணை முதல் நாள் மாலையிலேயே பழசாகிவிடும்.

எங்கே உட்கார்ந்தால் நல்லது?

சப்டைட்டில் திரையின் அடியில் வருவதால், தரை சாய்வில்லாத அரங்கில் முன்னால் இருப்பவரின் தலை அதை மறைக்கும். அங்கே மூன்றாம், நான்காம் வரிசையோ பால்கனியோ பாதுகாப்பு. சில பழைய படங்களுக்குச் சப்டைட்டிலைத் திரைக்குக் கீழே தனிப் பட்டையில் ஓட்டுவார்கள், அப்போது முன்வரிசை இன்னும் அவசியம். அடுத்த படத்துக்கு ஓட வேண்டியிருந்தால் வெளிவாசல் பக்க ஓரம். குளிர்சாதனம் நேரடியாக விழும் இருக்கையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் தொண்டை கட்டும், ஒரு மேல்துணி பையில் இருக்கட்டும்.

பிடிக்கவில்லை என்றால் பாதியில் எழுந்துவரலாமா?

வரலாம். 40 நிமிடம் கொடுத்துப் பாருங்கள்; மெதுவான படங்கள் தங்கள் தாளத்துக்கு நம்மைப் பழக்க அவ்வளவு நேரமாவது எடுக்கும். பிறகும் ஒட்டவில்லை என்றால் படத்தில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் இருட்டில் குனிந்து வெளியேறுங்கள். கைபேசி விளக்கைப் போடாதீர்கள். இயக்குநர் அரங்கில் இருக்கிறார், கேள்வி பதில் தொடங்கப்போகிறது என்ற கட்டத்தில் கூட்டமாக எழுந்து போவதை மட்டும் தவிர்க்கலாம். பல ஆண்டு உழைப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பவர் அவர்.

நண்பர்களோடு சேர்ந்து திட்டமிடலாமா?

பட்டியலைச் சேர்ந்து பேசுங்கள், அட்டவணையைத் தனித்தனியாகப் போடுங்கள். நாளுக்கு ஒரு படம் சேர்ந்து பார்த்தால் போதும். நான்கு பேர் நான்கு அரங்குகளுக்குப் பிரிந்து போனால், இரவுக்குள் நான்கு படங்களைப் பற்றிய நம்பகமான தகவல் கிடைக்கும். இரண்டாவது காட்சி உள்ள படங்களுக்கு அதை வைத்து மறுநாள் திட்டத்தைத் திருத்தலாம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

விழாப் படங்கள் தணிக்கை வெட்டுகள் இல்லாமல் ஓடுவதால் பல விழாக்களில் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அனுமதி. சிறார் பிரிவு இருந்தால் அதன் வயது வரம்பைப் படத்துக்குப் படம் பாருங்கள். பெர்லின் விழாவின் ஜெனரேஷன் பிரிவில் திரையிட்ட படம் என்றால் குழந்தைகளையும் பதின்பருவத்தினரையும் மனதில் வைத்துத் தேர்ந்தது என்று கொள்ளலாம். ஆனால் அதிலும் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான போட்டி தனியாக உண்டு, ஆகவே சிறு பிள்ளைகளுக்கு என்று நினைத்து அழைத்துப் போய்விட வேண்டாம்.

கடைசி நாளுக்கு என்ன வைப்பது?

மாலையை முழுக்கக் காலியாக விடுங்கள். விருது பெற்ற படங்களையும் வரிசை தாங்காமல் பலர் திரும்பிய படங்களையும் கடைசி நாளில் மறுபடி திரையிடுவது பல விழாக்களில் வழக்கம். அந்த அறிவிப்பு முந்தைய இரவோ அன்றைய காலையிலோதான் வரும். தவறவிட்ட அ படங்களின் பட்டியலை அதற்காகவே தனியாக எழுதிவையுங்கள். அறிவிப்பு வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்து, காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே வரிசைக்குப் போய்விடுங்கள்.